கல்லாய்ச் சமைந்த கானகம்

லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்ததால் உப்புத் தூணாகிவிட்டாள் என்று பழைய ஏற்பாட்டில் வாசிக்கிறோம். முனிவரின் சாபத்தால் அகலிகை கல்லானாள் என்று இராமாயணக் கதையில் கேட்கிறோம். சொன்ன வேலையைச் செய்யாமல் நின்றால், "என்னடி, கல்லாய்ச் சமைஞ்சு போயிட்டியா?" என்று வீட்டில் அம்மா கேட்பதும் உண்டு. ஆனால் சாபம் ஏதுமின்றி ஒரு கானகமே மெய்யாகக் கல்லாகிக் கிடக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே கிடக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? அந்தக் கானகத்தின் கதையையும், அதற்கும் நம் குற்றால மலைக்கும் உள்ள உறவையும் இக்கட்டுரையில் காண்போம்.

திருவக்கரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் உள்ள பழம்பதி அது. நம் ஊரிலிருந்து மாலையில் பொதிகை விரைவு வண்டியில் ஏறினால், விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து திருவக்கரைக்குச் சாலை வழியே செல்ல வேண்டும்.

ஊருக்கு அருகே சிவந்த மணல்மேடுகளின்மீது பெரிய அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் யாரோ மரம் அறுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எண்ணுவார்கள். மரத்தின் நிறம், நார் ஓடும் வரிகள், கணுக்கள், வெடிப்புகள் எல்லாம் அப்படியே தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் குளிர்ந்த கல் என்பது விளங்கும்.

இங்கே இருநூறு கல்மரங்கள் வரை உள்ளன. அவற்றின் நீளம் 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை. 1781-ஆம் ஆண்டில் சோனெரா என்னும் பிரெஞ்சு இயற்கையியல் அறிஞர் இவற்றைப் பற்றி முதன்முதலில் ஐரோப்பியருக்கு அறிவித்தார். 1940-ஆம் ஆண்டில் இவ்விடம் தேசியக் கல்மரப் பூங்காவாக அமைக்கப்பட்டது. சுமார் 247 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது. இம்மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்று அறிஞர்கள் கணித்துள்ளனர்.

2 கோடி என்பது நம் மனத்துக்கு எட்டாத எண். ஆகவே ஓர் ஆண்டை ஒரு நொடியாகச் சுருக்கிப் பார்ப்போம். அப்படியானால் இயேசு பெருமான் பிறந்து இன்றுவரை கழிந்த காலம் ஏறத்தாழ 34 நிமிடம், அதாவது ஒரு பாடவேளைக்கும் குறைவு. இந்த மரங்கள் வாழ்ந்த காலத்திலிருந்து இன்றுவரை கணக்கிட்டாலோ 231 நாட்கள் ஆகின்றன! ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து பொங்கல் விடுமுறை முடியும் வரை நொடி நொடியாக எண்ணிக்கொண்டே இருப்பதற்குச் சமம்.

இந்தக் கற்களுக்கு அவ்வூர் மக்களிடையே வேறொரு கதை வழங்குகிறது. வக்கராசுரன் என்னும் அரக்கன் வதம் செய்யப்பட்டபோது சிதறிய எலும்புகளே இவை என்பார்கள். இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. விளங்காத ஒன்றைக் கண்டபோது, "இது என்ன? எப்படி வந்தது?" என்று நம் முன்னோரும் கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அக்கதையே சான்று. அதே கேள்வியைத்தான் அறிவியலும் கேட்கிறது.

மரம் கல்லானது எப்படி?

சாதாரணமாக ஒரு மரம் விழுந்தால் என்ன ஆகும்? கரையான் அரிக்கும், காளான் முளைக்கும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை மக்கச் செய்யும். சில ஆண்டுகளில் மரம் மண்ணோடு மண்ணாகிவிடும். மரம் மக்குவதற்குக் காற்று வேண்டும். காற்று புகாதபடி விரைவில் புதைந்துவிட்டால் மக்குவது மிகவும் தாமதமாகும்.

திருவக்கரை மரங்களுக்கு நேர்ந்தது அதுவே. அங்குள்ள மரங்களில் கிளைகள் இல்லை, இலைகள் இல்லை, மண்ணைப் பற்றிய வேர்களும் இல்லை. எல்லாம் படுத்த நிலையில் கிடக்கின்றன. ஆகவே இவை நின்ற இடத்திலேயே கல்லானவை அல்ல, பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு இங்கே ஒதுங்கியவை என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். ஐப்பசி மழையில் சிற்றாறு பெருகும்போது, மலையிலிருந்து உருண்டு வரும் மரங்கள் பாறைகளில் மோதிக் கிளையும் பட்டையும் இழந்து, மொட்டைத் தடிகளாய்க் கரையில் ஒதுங்குவதை நாம் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும். ஆறு கொண்டுவந்த மணலும் களிமண்ணும் அந்த மரங்களை மூடின. அந்த மணல் இறுகி உண்டான பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர்.

இனித்தான் விந்தை நிகழ்கிறது. மணலிலும், நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக் கல்லிலும், சிக்கிமுக்கிக் கல்லிலும் இருப்பது சிலிகா என்னும் பொருள். நிலத்தடி நீரில் சிலிகா மிக மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும். தண்ணீரில் கல் கரையுமா என்று ஐயுற வேண்டாம். உப்புத் தன்மையுள்ள கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதே, அதுவும் தண்ணீரில் கரைந்து வந்த கல்தான். கண்ணுக்குத் தெரியாமல் வந்து, நீர் வற்றியதும் படிந்துவிடுகிறது.

மரம் என்பது எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. நீரைக் கொண்டுசெல்லும் குழாய்களும் அதில் உண்டு. புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் கசிந்து புகும்போது, அதில் கரைந்திருந்த சிலிகா அந்த அறைகளில் துளித்துளியாய்ப் படிந்தது. அறைகளின் சுவர்கள் மெல்ல மெல்லச் சிதைய, அந்த இடத்தையும் சிலிகா நிரப்பியது. அச்சில் மெழுகு வார்த்ததுபோல, மரத்தின் ஒவ்வொரு நுண்ணிய உறுப்பும் கல்லில் வார்க்கப்பட்டுவிட்டது. பொருள் மாறியது, உருவம் மாறவில்லை. பின்னர் பல காலம் மழையும் ஓடைகளும் மேல்மண்ணை அரித்துக் கொண்டுபோக, கல்லாகிவிட்ட மரங்கள் மீண்டும் வெயிலைக் கண்டன.

புதைந்த மரங்கள் எல்லாம் கல்லாவதில்லை. திருவக்கரைக்குத் தெற்கே நெய்வேலியில், சதுப்பு நிலத்தில் அமிழ்ந்த பழங்காடு ஒன்று மண்ணின் பாரத்தால் அழுந்திப் பழுப்பு நிலக்கரியாயிற்று. அதை எரித்துத்தான் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு காடு விளக்கெரிக்கும் கரியாயிற்று. மற்றொரு காடு வரலாறு சொல்லும் கல்லாயிற்று.

நம் குற்றாலப் பாறையில் இத்தகைய மரங்கள் கிடைக்குமா என்று சிலர் கேட்கலாம். கிடைக்கா. பேரருவி விழும் பாறையும் நம் மலைகளும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. மணலும் சேறும் படிந்து உண்டான படிவுப் பாறைகளில்தான் உயிர்களின் எச்சங்கள் கல்லாய்க் கிடைக்கும்.

கல்லைப் படிக்கும் கலை

கல்லாகிவிட்ட ஒரு தடியைப் பார்த்து, "இது இன்ன மரம்" என்று எப்படிச் சொல்ல முடியும்? இலை இல்லை, பூ இல்லை, கனியும் இல்லை! அதற்கு ஒரு வழி உண்டு. கல்மரத்திலிருந்து ஒரு சிறு சில்லை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் அளவுக்கு மெலியச் செய்கிறார்கள். அது தலைமயிரைவிட மெல்லியது. அப்போது கல்லே ஒளியை ஊடுருவ விடும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், அந்த மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் வரிசை வரிசையாய்த் தெரியும். குறுக்காக ஒன்றும் நெடுக்காக இரண்டுமாக மூன்று விதமாய் வெட்டிப் பார்த்து, இன்று வாழும் மரங்களோடு ஒப்பிட்டு இனங்காண்கிறார்கள். சைலத்தில் அகன்ற குழாய்கள் இருந்தால் பூக்கும் மரம். டிரக்கீடுகள் மட்டும் சீராக இருந்தால் ஊசியிலை மர வகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாம் படம் வரைந்து பாகம் குறிக்கும் அதே சைலந்தான்!

இத்துறையில் நம் நாட்டின் பெருமையை உலகறியச் செய்தவர் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி (1891–1949). கேம்பிரிட்ஜில் படித்து, இந்தியாவுக்குத் திரும்பி, நம் நாட்டுத் தொல்தாவரங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். திருவக்கரையில் கிடைத்த ஊசியிலை வகுப்பு மரத்தையும் அவர் ஆராய்ந்து 1931-இல் மறுவிளக்கம் அளித்தார். அதன் அறிவியல் பெயர் மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம் என்பது. 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் லக்னோவில் அவர் தொடங்கிய தொல்தாவரவியல் நிலையத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லிலேயே கல்லான தாவரத் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-ஆம் நாள், சாஹ்னி காலமானார். கணவர் விட்டுச்சென்ற பணியை அவருடைய மனைவி சாவித்திரி சாஹ்னி முன்னின்று நடத்தி நிலையத்தை வளர்த்தார். அந்த அம்மையாரின் மனவுறுதி, பெண்களாகிய நம் நினைவில் நிற்க வேண்டியது.

கல்லுக்குள் நம் மலை

திருவக்கரையிலும் அதைச் சூழ்ந்த கடலூர் மணற்கல் பகுதிகளிலும் எந்தெந்த மரங்கள் இனங்காணப்பட்டுள்ளன? இங்கேதான் தென்காசி மாணவியராகிய நாங்கள் வியந்து நின்றோம். அந்தப் பட்டியலில் உள்ள குடும்பங்களுள் பல நமக்கு அறிமுகமானவை.

புளியமரத்தை உள்ளடக்கிய அவரைக் குடும்பம் அதில் இருக்கிறது. ஆமணக்குக் குடும்பம் இருக்கிறது. மருது, தான்றி, கடுக்காய் ஆகியவற்றின் குடும்பம் இருக்கிறது. புன்னையின் உறவான மரம் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் காலத்தில் கூறு கட்டி விற்கிறார்களே மங்குஸ்தான், அதுவும் புன்னைக்கு நெருங்கிய உறவுதான். குங்கிலியக் குடும்பமும் இருக்கிறது. ஞானிகள் பாலன் இயேசுவுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த தூபமும் வெள்ளைப்போளமும் இக்குடும்பத்து மரங்களின் பிசின்கள்தாம். பெத்லகேம் குடிலை அலங்கரிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இவற்றைவிட முக்கியமான மூன்று உறவுகள் உண்டு.

முதலாவது, கோங்கு மரத்தின் குடும்பம். மழைக்காடுகளில் வானளாவ வளர்பவை இக்குடும்பத்து மரங்கள் பல. இன்று தென்னிந்தியாவில் அவற்றில் பெரும்பாலானவற்றைக் காண மேற்குத் தொடர்ச்சி மலைக்கே வரவேண்டும்.

இரண்டாவது, சாஹ்னி ஆராய்ந்த அந்த ஊசியிலை வகுப்பு மரம். அது போடோகார்ப்பஸ் என்னும் கூட்டத்தோடு ஒத்திருக்கிறது. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரே ஒரு மரவகை இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில், நம் தெற்குப் பகுதியில் அகத்திய மலை உட்பட, இயற்கையாக வளர்கிறது. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான ஊசியிலை வகுப்பு மரம் அது ஒன்றே. வகுப்பின் பெயர் அப்படியிருந்தாலும் அதன் இலை அகன்றது.

மூன்றாவது, செங்குறிஞ்சி. மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் இதன் குடும்பத்தார். இதன் இனத்தை அறிவியலார் குளூட்டா என்பர். குளூட்டா மரம் கல்லாகிக் கடலூர் மணற்கல்லில் கிடைத்திருக்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த செங்குறிஞ்சி இன்று உயிரோடிருப்பது உலகிலேயே ஓரிடத்தில்தான்: ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைக்காடுகளில்! செங்கோட்டையைத் தாண்டினால் வரும் அதே ஆரியங்காவுதான். 1984-இல் கேரளத்தில் அமைந்த செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் இந்த மரத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது.

தோழியரே, இதிலிருந்து விளங்குவது என்ன? இன்று திருவக்கரையைச் சுற்றி இருப்பது வறண்ட சமவெளி. முட்புதர்களும் பனைமரங்களும் நிற்கும் பூமி. ஆனால் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கீழ்க்கரைப் பக்கத்தில், இன்று நம் மலையில் காண்பதைப் போன்ற ஈரமான பசுங்காடு இருந்திருக்கிறது. பின்னர் தட்பவெப்பம் மாறியது. மழை குறைந்தது. நனைந்தே வாழப் பழகிய மரங்கள் சமவெளியிலிருந்து மறைந்தன. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை பொழியும் மலைமடிப்புகளில் மட்டும் அவற்றின் உறவுகள் பிழைத்துக்கொண்டன. செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து நம் முகத்தில் படும் சாரல் இருக்கிறதே, அந்தச் சாரல்தான் அவற்றை இன்னும் வாழ வைக்கிறது. குற்றாலத்துக்கு வருவோர் அருவியைப் பார்க்கிறார்கள். அருவிக்கு மேலே இருப்பது, திருவக்கரையில் கல்லாகிப்போன காட்டின் உயிருள்ள உறவு என்பதைப் பலர் அறியார்.

பாறையும் விசுவாசமும்

"உலகத்தை ஆண்டவர் ஆறு நாளில் படைத்தார் என்று படிக்கிறோம், 2 கோடி ஆண்டு என்கிறார்களே" என்ற கேள்வி எங்களுக்குள்ளும் எழுந்தது. இதற்குப் பதிலாக ஒரு ஆயரின் வாழ்க்கையே அமைந்திருக்கிறது. டென்மார்க்கில் 1638-இல் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ ஒரு மருத்துவர். இத்தாலியில் ஒரு சுறாமீனின் தலையை அறுத்து ஆராய்ந்த அவர், பாறைகளில் கிடைக்கும் ஒருவகை முக்கோணக் கற்கள் பழங்காலச் சுறாவின் பற்களே என்று காட்டினார். பாறைப் படிவுகளில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்னும் விதியை 1669-இல் வெளியிட்டார். இன்றும் புவியியலின் அரிச்சுவடி அதுவே. 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், பின்னர் குருவானார், 1677-இல் ஆயரானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். பாறையை ஆராய்ந்ததால் அவருடைய விசுவாசம் குறையவில்லை. படைத்தவர் யார் என்பதை மறைநூல் சொல்கிறது. படைப்பு எப்படிப் படிப்படியாய் விரிந்தது என்பதைப் பாறையும் சொல்கிறது. இரண்டும் ஒரே ஆண்டவரின் எழுத்துகள் அல்லவா!

வேறு கல்மரங்கள்

தமிழ்நாட்டில் மற்றொரு புகழ்பெற்ற கல்மரம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ளது. அதன் நீளம் 18 மீட்டர். 1940-இல் இதை உலகுக்கு அறிவித்தவர் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் அத்துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே. சாத்தனூர் மரம் டைனோசார்கள் வாழ்ந்த கிரீட்டேசியக் காலத்தைச் சேர்ந்தது. அப்போது அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் கடல் இருந்தது. அந்தக் கடலின் படிவில் மூழ்கிக் கல்லான மரம் அது. இராஜஸ்தானில் ஜெய்சால்மர் அருகே ஆகல் என்னுமிடத்தில், இன்று பாலைவனமாயுள்ள மணலில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்திலுள்ள கல்மரக் காடு 1962 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. அங்கே நடப்பது ஒன்று நம் எல்லாருக்கும் பாடம். பார்க்க வருவோரில் சிலர் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். பின்னர் மனம் உறுத்த, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, அந்தத் துண்டைத் தபாலில் திருப்பி அனுப்புவார்களாம். அப்படி வந்த கற்களைக் குவித்து "மனச்சாட்சிக் குவியல்" என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றை மீண்டும் பழைய இடத்தில் வைக்க முடியாது. எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், அந்தக் கல் தன் வரலாற்றையே இழந்துவிடுகிறது. வருத்தப்பட்டாலும் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட முடிவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

திருவக்கரைக்கோ சாத்தனூருக்கோ சுற்றுலா சென்றால், கண்ணால் பார்ப்போம், குறிப்பு எழுதுவோம், படம் வரைவோம். நினைவுக்காக என்று ஒரு சிறு சில்லைக்கூட எடுக்க வேண்டாம். கல்மரத்தின்மீது பெயர் கீறவும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய கடமை நமக்கு நம் வாசலிலேயே இருக்கிறது. செங்குறிஞ்சியின் நாற்றுகள் காட்டில் இயற்கையாக முளைத்து எழும்புவது மிகக் குறைவு என்கிறார்கள். ஒரு காட்டுத்தீ, ஒரு கோடரி, தவறிப்போன ஒரு பருவமழை போதும், பல ஆண்டு இளங்கன்றுகள் அழிய. அருவிக்கரையில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை ஓடையில் சிக்கி, காட்டு விலங்கின் வயிற்றில் போய்ச் சேருகிறது. எண்ணெயும் சோப்பும் கலந்த நீர் சிற்றாறு வழியே தாமிரபரணியை அடைகிறது. சீசனுக்கு வரும் உறவினர்களுக்கு இதைப் பக்குவமாய் எடுத்துச் சொல்ல நம்மால் முடியும். பள்ளியிலும் வீட்டிலும் புன்னை, மருது, புளி போன்ற நம் நாட்டு மரங்களின் கன்றுகளை நட்டு, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் நம்மால் ஆகக்கூடியதே.

அகலிகை மீண்டும் பெண்ணானாள் என்று கதை முடிகிறது. கல்லான மரத்துக்கு அப்படியொரு விமோசனம் இல்லை. 2 கோடி ஆண்டுகள் உருவம் கெடாமல் கிடந்தாலும், அது ஒரு தளிர் விடாது. ஒரு விதை உதிர்க்காது. ஒரு பறவைக்குக் கனி தராது. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: முன்பு இங்கே ஒரு காடு இருந்தது என்று சாட்சி சொல்வது. நம் மலையிலுள்ள காட்டுக்கு அத்தகைய சாட்சி இன்னும் தேவைப்படவில்லை. அது இன்றும் பூக்கிறது, காய்க்கிறது, நம் அருவிகளுக்கு நீர் தருகிறது. நமக்குப் பின் இப்பள்ளிக்கு வரும் தங்கையரும் அதன் நிழலில் நிற்க, எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக!